பிரேக் இல்லாத வண்டி: பாய்ப்படகுப் பாதுகாப்புக்கு ஓர் எளிய அறிமுகம்

நெல்லைச் சீமையின் கடலோர ஊரான உவரியில், கரையில் உட்கார்ந்து பாய்ப்படகைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இரண்டு வாக்கியங்கள் கட்டாயம் வந்துவிடும். ஒன்று, “நீச்சல் தெரியும்லா, பொறவு என்ன?” இன்னொன்று, “காத்து கூடுனா படகு வேகமாப் போகும், நல்லதுதானே?” இரண்டையும் சொல்பவர்கள் கடலுக்குப் புதியவர்கள் அல்லர். மோட்டார் வைத்த ஃபைபர் படகில் பத்து வருடம் தொழிலுக்குப் போனவர்களும் இதையே சொல்கிறார்கள். இரண்டுமே தவறு, உயிரைப் பறிக்கிற தவறு.

என் அம்மாவைப் பெற்ற தாத்தா பாய் கட்டிய கட்டுமரத்தில் தொழிலுக்குப் போனவர். மாமாக்கள் காலத்தில் மோட்டார் வந்தது, பாய் பரணுக்குப் போனது. நான் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு சென்னையில்தான் பாய்ப்படகு ஓட்டக் கற்றேன். இடையில் ஒரு தலைமுறைக்கு அந்த அறிவு கைமாறவில்லை. இன்று நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் ஆசைப்பட்டு இதைக் கற்க வருகிறார்கள். ‘ரீஃப் பண்றது’, ‘ஆள் விழுந்தா எடுக்கிறது’ என்ற சொற்கள் தெரிந்திருக்கின்றன. அவை எதற்கு, எப்படி வேலை செய்கின்றன என்பது தெரிவதில்லை. அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

காற்றை யாரும் அணைக்க முடியாது

நெல்லை ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகும் பஸ்ஸில் யாராவது படியிலிருந்து விழுந்துவிட்டால் டிரைவர் என்ன செய்வார்? பிரேக்கை மிதிப்பார். மோட்டார் படகில் இருப்பவர் எஞ்சினை அணைப்பார். பாய்ப்படகில் இவை இரண்டும் இல்லை. படகை ஓட்டுவது காற்று, அதற்கு சாவி கிடையாது.

அப்படியானால் நம் கையில் என்னதான் இருக்கிறது? வீசுகிற காற்றில் எவ்வளவை வாங்கிக்கொள்வது என்கிற முடிவு இருக்கிறது. கல்யாண வீட்டு ஃப்ளெக்ஸ் பேனரைக் கவனித்திருப்பீர்கள். கட்டுகிறவர் அங்கங்கே அரைவட்டமாகக் கிழித்துவிட்டிருப்பார். காற்றைத் தடுக்கப் பார்த்தால் சாரமே சாய்ந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். காற்றில் கொஞ்சத்தை வழிவிட்டு அனுப்புகிறார். பாய்ப்படகுப் பாதுகாப்பு முழுவதும் இந்த ஒரு யோசனையின் விரிவுதான் என்பது என் எண்ணம்.

மேலே போகுமுன் சில பெயர்கள். நட்டு நிற்கும் கம்பம் பாய்மரம். அதன் பின்பக்கம் விரிவது பெரிய பாய், முன்பக்கம் விரிவது முன்பாய். பெரிய பாயின் அடிப்பகுதியைத் தாங்கிக்கொண்டு கிடையாக ஆடும் தடிக்குப் பூம் என்று பெயர். பாயை மரத்தில் ஏற்றி இறக்கும் கயிறு ஆஞ்சான். ஏற்றிய பாயைக் காற்றுக்கு ஏற்ப இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான். இரண்டும் பழைய கடலோடிகளின் சொற்கள், இன்றைய படகுக்கும் அப்படியே பொருந்துகின்றன. திசை திருப்புவது சுக்கான்.

தாமானைத் தளர்த்தினால் பாய் கோவில் கொடி மாதிரி படபடக்கும். படபடக்கும் துணி எதையும் இழுக்காது. ஆக, பிரேக்குக்கு மிக நெருக்கமாக நம்மிடம் இருப்பது தாமானை விடுவதுதான். பயந்த கை கயிற்றை இறுக்கிப் பிடிக்கத்தான் பார்க்கும். அந்த நேரத்தில் விடுவதற்குக் கையைப் பழக்குவது முதல் பாடம். ஆனால் காற்று கூடிக்கொண்டே போகும் நாளில் கயிற்றைத் தளர்த்திக்கொண்டே காலம் தள்ள முடியாது. அங்கேதான் பாயைச் சுருக்கும் கலை வருகிறது.

காற்று இரண்டு மடங்கானால்

கடலில் வேகத்தை நாட் கணக்கில் சொல்வார்கள். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர். 12 நாட் காற்று இனிமையான காற்று. 24 நாட் ஆனால் பாயின் மேல் அழுத்தம் இரண்டு மடங்காகும் என்றுதான் யாரும் நினைப்போம். அது நான்கு மடங்காகிறது. காற்றின் விசை அதன் வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை, வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அதே நேரத்தில் பாயில் வந்து மோதும் காற்றும் இரண்டு மடங்கு, ஒவ்வொரு மோதலின் வேகமும் இரண்டு மடங்கு. இரண்டையும் பெருக்கினால் நான்கு.

எண்ணாகவே பார்ப்போம். 12 நாட் காற்று தன்னைத் தடுக்கும் பரப்பில் சதுர மீட்டருக்குத் தோராயமாக 2.3 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. 20 சதுர மீட்டர் பாய் என்றால் 46 கிலோ, ஓர் ஆள் சாய்ந்து சமாளித்துவிடலாம். அதே பாயில் 24 நாட் காற்று பட்டால் 180 கிலோவைத் தாண்டும். காற்று இரட்டிப்பதற்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். 12 நாட்டிலிருந்து 17 நாட்டுக்கு ஏறினாலே விசை இரண்டு மடங்கு. அந்த ஐந்து நாட் வித்தியாசம் கரையில் நிற்பவருக்கு முகத்தில்கூடத் தெரியாது.

நம் பக்கத்தில் இதைப் புரிந்துகொள்ளக் கடலுக்கே போக வேண்டியதில்லை. பணகுடி, காவல்கிணறு வழியாகப் போகும்போது நிற்கிற காற்றாலைகளைப் பாருங்கள். புதிய காற்றாலைகளில் காற்று அளவு மீறினால் இறக்கைகள் தம் அச்சில் திரும்பி, காற்றுக்கு விளிம்பைக் காட்டிக்கொள்ளும். நொடிக்கு 25 மீட்டர் அளவுக்கு வீசினால் பெரும்பாலானவை சுற்றுவதையே நிறுத்திவிடும். காற்று கூடக்கூட மின்சாரம் கூடட்டும் என்று யாரும் விட்டுவைப்பதில்லை. கோபுரத்தைக் காப்பாற்றினால்தான் நாளைக்கும் மின்சாரம்.

அந்தக் காற்றாலைகளை அங்கே கொண்டுவந்து நட்ட அதே காற்றுதான் நம் கடலின் தனி ஆபத்தும். தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கிப் பிழியப்பட்டு வரும் காற்று, இடிந்தகரை, உவரிப் பக்கம் வரும்போது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையோரத்தில் அலை எழும்ப இடமில்லாததால் தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். ‘கடல் செத்துக் கிடக்கு, இறங்கலாம்’ என்று தோன்றும். இரண்டு மைல் உள்ளே போனால் அலை வேறு, காற்று வேறு. திரும்பி வர வேண்டிய திசையிலிருந்தே காற்று வரும். கரைக்காற்று நாளில் கரையோரத் தண்ணீரைப் பார்த்துப் பாயை விரிக்காதீர்கள். பனை ஓலையைப் பாருங்கள், காற்றாலையைப் பாருங்கள்.

மணப்பாட்டுக் குன்றின் திருச்சிலுவைக்கு ஒரு வரலாறு சொல்வார்கள். 1540ஆம் ஆண்டு வாக்கில் ஒரு போர்த்துக்கீசியக் கப்பல் புயலில் பாய் கிழிந்து, மரம் முறிந்து, அந்தக் கரையில் ஒதுங்கியதாம். முறிந்த மரத்தின் துண்டில் செதுக்கியதுதான் சிலுவை என்பது ஊரின் பாரம்பரியம். சிறு வயதில் அதை அற்புதமாகக் கேட்டேன். பாய் பிடிக்கக் கற்ற பிறகு, அந்த மரம் முறிவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தைப் பற்றியும் யோசிக்கிறேன்.

வேட்டியை மடித்துக் கட்டுவது போல

பாய் சுருக்குதல், அதாவது ரீஃப் செய்தல், என்பது பாயைக் கழற்றுவதல்ல. அதன் அடிப்பகுதியில் ஒரு பட்டையை மடித்துக் கட்டி, பரப்பைக் குறைப்பது. சேற்றில் இறங்கும்போது வேட்டியை மடித்துக் கட்டுகிறோமே, அதேதான். வேட்டி இடுப்பில்தான் இருக்கிறது, நீளம்தான் குறைந்தது. பெரும்பாலான பெரிய பாய்களில் இரண்டு மூன்று உயரங்களில் பலமான வளையங்கள் தைத்திருக்கும். முதல் வரிசை வரை மடித்தால் முதல் சுருக்கு, அடுத்தது இரண்டாம் சுருக்கு. முன்பாயைப் பல படகுகளில் கோரைப்பாய் போலவே சுருட்டிவிடலாம்.

பரப்பு குறைவது ஒரு லாபம். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத லாபம். பனைமரத்தைக் கயிறு கட்டிச் சாய்க்கிறவர் கயிற்றை அடியில் கட்டமாட்டார், உச்சிக்குக் கிட்டே கட்டுவார். உயரத்தில் இழுக்கும் விசைக்குச் சாய்க்கும் பலம் அதிகம். பாயின் கீழ்ப்பகுதியை மடிக்கும்போது உச்சி கீழே இறங்குகிறது. காற்று தள்ளும் இடமும் இறங்குகிறது. அதனால் பரப்பில் கால் பங்கு குறைந்தால் சாய்வு அதைவிட அதிகமாகக் குறையும்.

இனி வேகத்துக்கு வருவோம். சுருக்கினால் படகு மெதுவாகிவிடும் என்பதுதான் பரவலான நம்பிக்கை. பாய்ப்படகு நிமிர்ந்து ஓடத்தான் கட்டப்பட்டது. அளவுக்கு மேல் சாய்ந்ததும் அடியில் இருக்கும் உடம்பின் வடிவம் கோணலாகிறது, படகு காற்றுமுகமாகத் திரும்பப் பார்க்கிறது, அதைத் தடுக்க நீங்கள் சுக்கானை இழுத்துப் பிடிக்கிறீர்கள். இழுத்த சுக்கான் தண்ணீரில் பலகையைக் குறுக்கே பிடித்ததற்குச் சமம். நுரை பறக்கும், சத்தம் கேட்கும், வேகமாகப் போவதாக மனம் சொல்லும். பாயைச் சுருக்கியதும் சுக்கான் லேசாகும், பல நேரம் வேகம் குறையாது, சில நேரம் கூடவும் செய்யும். வேகத்துக்காகவே வாழ்கிற போட்டி ஓட்டுநர்களும் பாயைச் சுருக்குவது இதனால்தான்.

சுருக்குவது கோழைத்தனம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். காற்றை அளக்க உலகம் பயன்படுத்தும் போஃபோர்ட் அளவுகோலை 1805இல் வகுத்தவர் பிரான்சிஸ் போஃபோர்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. பலத்த காற்றை அந்த அளவுகோல் ஆரம்பத்தில் அளந்தது எப்படி தெரியுமா? போர்க்கப்பல் எவ்வளவு பாயைத் தாங்கும், எத்தனை சுருக்கு வைக்க வேண்டும் என்பதை வைத்து. கடலோடிக்குக் காற்றின் பெயரே சுருக்கின் கணக்கில்தான் இருந்தது.

எப்போது, எந்த வரிசையில்

எப்போது என்ற கேள்விக்குத் தாத்தாவின் பதில் இது: “சுருக்கணுமோன்னு ஒனக்கு ஒரு நெனப்பு வருதுல்லா, அதுக்கு முந்தியே சுருக்கிருக்கணும்லே.” உலகத்தின் எந்தக் கரையில் கேட்டாலும் கிட்டத்தட்ட இதே பதில் வரும். அடையாளங்கள்: சுக்கான் கையில் கனக்கும். தாமானை அடிக்கடி தளர்த்த வேண்டியிருக்கும். படகு இருபது இருபத்தைந்து பாகைக்கு மேல் சாய்ந்தே கிடக்கும். கடல்மேல் அங்கங்கே வெள்ளை நுரை பூக்கத் தொடங்கும். இதில் இரண்டு தெரிந்தால் பேச்சை நிறுத்திவிட்டு வேலையில் இறங்குங்கள். சந்தேகமான நாளில் கரையிலேயே ஒரு சுருக்கு வைத்துப் புறப்படுவது இன்னும் நல்லது. காற்று குறைந்தால் அவிழ்ப்பது சுலபம், காற்று கூடிய பிறகு கட்டுவது கஷ்டம்.

செய்முறை படகுக்குப் படகு மாறினாலும் வரிசை மாறாது. முதலில் படகைக் காற்றுமுகத்துக்குக் கிட்டத்தில் திருப்பி, தாமானைத் தளர்த்துங்கள். பாய் படபடக்க வேண்டும், காற்று நிறைந்த பாயை மடிக்கவே முடியாது. பிறகு ஆஞ்சானைக் குறியிட்ட அளவு வரை இறக்குங்கள். பாயின் முன்னோரத்தில் இருக்கும் புதிய வளையத்தைப் பாய்மரத்தடியில் உள்ள கொக்கியில் மாட்டுங்கள். ஆஞ்சானை மறுபடி இறுக்குங்கள். அதன்பின் பின்னோரத்தின் புதிய வளையத்தைச் சுருக்குக்கயிற்றால் பூமை நோக்கி இழுத்துக் கட்டுங்கள். கடைசியில் தாமானை இழுத்தால் சின்னப் பாயோடு படகு கிளம்பும்.

புதியவர்கள் தவறுவது இரண்டு இடத்தில். முன் வளையத்தை மாட்டாமல் பின் வளையத்தை இழுத்தால் பாய் கோணிக் கிழியும். தொங்குகிற மடிப்பை அடக்கக் கட்டும் சின்ன முடிச்சுக் கயிறுகளை, சுருக்கை அவிழ்க்கும்போது மறந்துவிட்டு ஆஞ்சானை ஏற்றினால் அதே கயிறுகள் பாயைக் கிழித்துவிடும். அவிழ்க்கும்போது முதலில் அவிழ்க்க வேண்டியது அவற்றைத்தான்.

சுருக்கு என்பது பலத்த காற்றுக்கான மருந்து, புயலுக்கான மருந்தல்ல. 2017 நவம்பர் கடைசியில் குமரிக் கடலில் ஒக்கி உருவான நாட்களை நம் கரை மறக்காது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்றால் எத்தனை சுருக்கு என்ற பேச்சே வேண்டாம், படகு கரையில் கிடக்கட்டும்.

சுருக்கமாக: காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. பாயின் அடியை மடித்துக் கட்டினால் பரப்பும் குறைகிறது, தள்ளும் உயரமும் குறைகிறது. இதைச் செய்ய ஏற்ற நேரம், செய்யத் தேவையில்லையோ என்று தோன்றும் நேரம்.

விழாமல் இருப்பது

பாய் சுருக்குவதற்கும் ஆள் கடலில் விழுவதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. தாமதமாகச் சுருக்குகிறவர் துள்ளுகிற படகில், ஈரத் தளத்தில், ஆடுகிற பூமுக்குப் பக்கத்தில் இரண்டு கையாலும் வேலை செய்கிறார். எரிக் தபார்லி பிரான்சின் தலைசிறந்த பாய்க்கடலோடி, அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த போட்டிகளில் வென்றவர். 1998 ஜூன் மாதம் ஒரு நள்ளிரவில், வேல்ஸ் கரைக்கு அப்பால், தன் சொந்தப் படகில் பாயைக் குறைக்கும் வேலையில் இருந்தபோது பாயைத் தாங்கும் தடி இடித்துக் கடலில் விழுந்தார். உடம்பில் பாதுகாப்புக் கயிறு கட்டியிருக்கவில்லை. உடன் ஆட்கள் இருந்தும் அவரை மீட்க முடியவில்லை. அவரைவிடக் கடலை அறிந்தவர் அந்தப் படகில் யாரும் இல்லை. நீச்சல் தெரிந்தால் போதும் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருகிறார்.

ஆகவே மிதவைச் சட்டை எப்போதும் உடம்பில். பெட்டிக்குள் இருக்கும் சட்டை யாரையும் மிதக்க வைக்காது. இரவிலும் கனத்த காற்றிலும் இடுப்புக் கயிறு, அதாவது உடம்பில் பூட்டிய வாரையும் படகையும் இணைக்கும் குட்டைக் கயிறு. அதன் நீளம் நீங்கள் விளிம்பைத் தாண்டாத அளவில் இருக்க வேண்டும், நீளமாக இருந்தால் தண்ணீரில் இழுபடுவீர்கள். நடக்கும்போது ஒரு கை வேலைக்கு, ஒரு கை பிடிமானத்துக்கு. சிறுநீர் கழிக்க விளிம்பில் நிற்பதைத் தயவுசெய்து விடுங்கள், வாளி எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லக் கூச்சமான விஷயம் என்பதாலேயே யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டு 2025 மே மாதம் உலகைச் சுற்றித் திரும்பிய கடற்படைப் பாய்ப்படகு தாரிணியில் இருந்தவர்கள் இரண்டே பேர், ரூபாவும் தில்னாவும். இரண்டு பேர் படகில் ஒருவர் விழுந்தால் பாயை இறக்குவது, பார்ப்பது, திருப்புவது, தூக்குவது எல்லாம் மீதியுள்ள ஒருவர் தலையில். நம் பக்கத்தில் மச்சானும் மச்சானுமாக உல்லாசமாகக் கிளம்புகிற படகுக்கும் இதே கணக்குதான்.

ஆள் விழுந்தாச்சு: முதல் பத்து விநாடி

6 நாட் வேகம் என்பது சைக்கிள் வேகம்தான். அந்த வேகத்தில் படகு ஒரு நிமிடத்தில் 185 மீட்டர் போய்விடும். நெல்லை சுலோச்சன முதலியார் பாலத்தில் பாதிக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூரத்தில், ஒரு மீட்டர் அலைக்கு நடுவே, ஒரு தலையைத் தேடிப் பாருங்கள். பனங்காய் அளவு கறுப்புப் புள்ளி, அலை ஏறும்போது தெரியும், இறங்கும்போது மறையும். ஒரு தடவை கண்ணை எடுத்தால் மறுபடி கிடைக்காமலே போகலாம்.

அதனால் விழுந்ததைப் பார்த்தவர் முதலில் செய்ய வேண்டியது கத்துவது. ‘ஆள் விழுந்தாச்சு’ என்று எல்லோர் காதிலும் விழும்படி. அடுத்து, ஒருவர் கையை நீட்டி விழுந்தவரைச் சுட்டிக்காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கிடையாது. கயிறு சிக்கினாலும், பாய் கிழிந்தாலும் அவர் திரும்பக்கூடாது. அதே வேளையில் இன்னொருவர் மிதப்பது எதுவோ அதை வீச வேண்டும். மிதவை வளையம் சிறந்தது, இல்லையென்றால் மெத்தை, மூடிய காலிக் கேன் எதுவானாலும் சரி. அது விழுந்தவருக்குப் பிடிமானம், தேடுபவருக்கு அடையாளம். ஜிபிஎஸ் கருவியில் ஆள் விழுந்த இடத்தைக் குறிக்கும் பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள்.

யாரும் குதிக்கக்கூடாது. தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த பாடம்தான். மூழ்குகிறவர் கையில் சிக்காதே, வேட்டியை வீசு என்றுதான் படித்துறையில் பெரியவர்கள் சொல்வார்கள். கடலில் காரணம் இன்னும் ஒன்று உண்டு. நீங்கள் குதித்த பிறகும் படகு போய்க்கொண்டே இருக்கும். ஒரு தலை இரண்டு தலை ஆகும், படகில் இரண்டு கை குறையும்.

திரும்பி வரும் வழி

இந்தப் பகுதியில்தான் குழப்பம் அதிகம். படகைச் சடாரென்று திருப்பி நேராக ஆளை நோக்கி ஓட்டினால் என்ன? பெரும்பாலும் அவரைக் கடந்து போய்விடுவீர்கள். மோசமான நாளில் அவர் மேலேயே ஏறிவிடுவீர்கள்.

ஆடி மாதத்தில் காவல்கிணற்றுப் பக்கம் சைக்கிள் மிதித்தவருக்கு இதன் காரணம் உடனே விளங்கும். மேற்கே பார்த்து, எதிர்காற்றில் மிதிக்கும்போது காலை எடுத்தால் சைக்கிள் அங்கேயே நிற்கும். கிழக்கே பார்த்துக் காற்றோடு வரும்போது மிதிக்காவிட்டாலும் ஓடும். படகும் அப்படித்தான். காற்று முதுகில் இருக்கும்போது தாமானை முழுதாக விட்டாலும் பாய் படபடக்காது. பூம் ஓரளவுக்குமேல் வெளியே போக முடியாமல் மரத்தைத் தாங்கும் கம்பிகள் தடுக்கும், பாய் காற்றைப் பிடித்துக்கொண்டே இருக்கும். காற்றைச் சாய்வாக எதிர்த்து வரும்போது மட்டும்தான் தாமானை விட்டதும் பாய் படபடத்து, படகு நிற்கும்.

ஆக, கேள்வி ‘ஆளிடம் எப்படிப் போவது’ அல்ல, ‘ஆளிடம் எப்படி நிற்பது’. காற்றைச் சாய்வாக எதிர்த்தபடி அவரிடம் போய்ச் சேர வேண்டும். அதற்குச் சொல்லித்தரும் எளிய வழி எட்டு வடிவச் சுற்று.

ஆள் விழுந்ததும் காற்று சரியாகப் பக்கவாட்டில் படும்படி படகைத் திருப்பி, ஆறு முதல் எட்டுப் படகு நீளம் போங்கள். கிட்டத்திலேயே திரும்ப மனம் பறக்கும். ஆனால் நிற்பதற்கு இடம் வேண்டும், அந்த இடத்தைத்தான் இப்போது சம்பாதிக்கிறீர்கள். பிறகு படகின் மூக்கு காற்றுமுகத்தைக் கடக்கும்படி திரும்புங்கள். முதுகுப்புறம் காற்றைக் கடந்து திரும்பினால் பூம் ஒரே வீச்சில் எதிர்ப்பக்கம் வரும், தலையில் அடித்தால் இரண்டாவது ஆள் விழுவார். திரும்பியதும் காற்றோடு கொஞ்சம் கீழிறங்கி, ஆளுக்குக் காற்று போகும் பக்கமாக வாருங்கள். அங்கிருந்து சாய்வாக ஏறுங்கள்.

ஏறும்போது ஒரு சோதனை. தாமானை ஒரு கணம் முழுதாக விட்டுப் பாருங்கள். பாய் முழுக்கப் படபடத்தால் சரியான கோணத்தில் இருக்கிறீர்கள். கொஞ்சமாவது காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தால் நீங்கள் வேண்டியதைவிட மேலே, காற்று வரும் பக்கமாக இருக்கிறீர்கள், இன்னும் கீழிறங்கி மறுபடி ஏறுங்கள். இந்தச் சோதனையைத் தூரத்திலேயே செய்துவிட வேண்டும். கடைசி இரண்டு மூன்று படகு நீளத்தில் தாமானை விட்டு, தேவைப்பட்டால் சற்றே இழுத்து, நடக்கும் வேகத்துக்கும் கீழே வந்து, ஆள் காற்று போகும் பக்கத்தில் படகின் நடுவுக்குச் சற்று முன்னால் வரும்படி நிறுத்துங்கள். அந்தப் பக்கம் படகு தாழ்ந்திருக்கும், காற்றும் படகை அவரை நோக்கியே மெதுவாகத் தள்ளும். பூம் அதே பக்கம்தான் ஆடும் என்பதை மறக்க வேண்டாம்.

எஞ்சின் இருக்கிற படகானால் பயன்படுத்தலாம். ஆனால் தண்ணீரில் கயிறு தொங்குகிறதா என்று பார்த்த பிறகே. ஆள் கிட்டத்தில் வந்ததும் விசிறி சுற்றக்கூடாது. இது ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிற நம் ஆட்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சுருக்கமாக: பார், வீசு, விலகிப் போ, காற்றுமுகம் கடந்து திரும்பு, கீழிருந்து சாய்வாக ஏறி நில். ஒரு தடவை தவறினால் மறுபடி சுற்றுங்கள். வேகமாகப் போய்ப் பிடித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

மேலே தூக்குவது

படகு நின்றது, கை நீட்டிப் பிடித்தும் ஆகிவிட்டது. இதோடு முடிந்தது என்று நினைக்கிற இடத்தில்தான் மிகக் கடினமான பகுதி தொடங்குகிறது. படிக்கட்டு இல்லாத கிணற்றில் குளித்துவிட்டு வெறும் கையால் ஏறிப் பார்த்தவருக்குத் தெரியும். தண்ணீருக்குள் இருக்கும்வரை உடம்பு லேசு. விளிம்பைத் தாண்டும்போது முழு எடையும், நனைந்த துணியின் எடையும் சேர்ந்து வரும். களைத்துப்போனவருக்கு ஏறுவதற்குக் கையில் பலமே இருக்காது.

முதலில் அவரை ஒரு கயிற்றால் படகோடு இணையுங்கள், கைப்பிடி வழுக்கும். அவருக்குத் தெம்பு இருந்து, கடலும் அமைதியாக இருந்தால் ஏணி போதும். அலை இருக்கும்போது பின்பக்க ஏணிக்குப் போகக்கூடாது. படகின் பின்பகுதி எழும்பி எழும்பி விழும், அடியில் இருப்பவர் தலை தாங்காது. அடுத்த வழி கிணற்றுக் கப்பி. பாயை இறக்கிவிட்டு, ஆஞ்சானின் நுனியில் நாலு கயிறாக ஓடும் கப்பித் தொகுதியை மாட்டி, கயிற்று வளையத்தை அவர் கக்கத்துக்கடியில் கொடுத்து இழுத்தால் 80 கிலோ ஆள், உராய்வையும் சேர்த்து, இருபதுக்குச் சற்று மேல் கிலோ இழுப்பில் வருவார்.

கப்பியும் இல்லையென்றால் பனந்தடி ஏற்றும் வித்தை இருக்கிறது. வண்டியில் தடியை ஏற்றும்போது கயிற்றின் ஒரு நுனியை வண்டியில் கட்டி, தடிக்கு அடியில் கொடுத்து, மறுநுனியை மேலிருந்து இழுப்பார்கள், தடி உருண்டு ஏறும். அதேபோல முன்பாயின் துணியையோ ஒரு வலைத்துண்டையோ ஓரத்தில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, ஆளை அதற்குள் படுத்தவாக்கில் கொண்டுவந்து, வெளி ஓரத்தை இழுத்தால் உருண்டு மேலே வருவார். வெகுநேரம் தண்ணீரில் கிடந்தவரைப் படுத்தவாக்கில் எடுப்பது அவர் உடம்புக்கும் நல்லது. நிமிர்த்தித் தூக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று விழக்கூடும். ஏற்றிய பிறகும் படுக்க வைத்தே இருங்கள்.

ஆளைக் கண்ணிலிருந்து தவறவிட்டாலோ, முதல் முயற்சியில் எடுக்க முடியாவிட்டாலோ உதவி கேட்கத் தயங்காதீர்கள். விஎச்எஃப் ரேடியோவில் 16ஆம் சேனலில் ‘மேடே’ என்று மூன்று முறை சொல்லி, இடத்தைச் சொல்லுங்கள். கைபேசி எட்டினால் கடலோரக் காவல்படையின் எண் 1554.

விழுந்தவர் நீங்களாக இருந்தால் படகைத் துரத்தி நீந்தாதீர்கள். சட்டை உங்களை மிதக்க வைக்கும். முழங்காலை மார்போடு சேர்த்துக்கொண்டு, அலைக்கு முதுகைக் காட்டி, விசிலை ஊதிக்கொண்டிருங்கள். அவர்கள் வருவார்கள், நீங்கள் செய்ய வேண்டியது கண்ணில் படுவது.

பழகும் விதம்

பாய் சுருக்குவதைக் கரையில் கட்டிய படகில், காற்றில்லாத காலையில், பத்துத் தடவை செய்யுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு. எந்தக் கயிறு எங்கே என்று கைக்குத் தெரிய வேண்டும். ஆள் எடுப்பதைப் பழக, கேனில் முக்கால்வாசி தண்ணீர் நிரப்பி, பழைய மிதவைச் சட்டையைச் சுற்றிக் கட்டி, யாருக்கும் சொல்லாமல் கடலில் தள்ளிவிட்டுக் கத்துங்கள். ஒவ்வொருவரும் சுக்கான் பிடித்து ஒரு முறையாவது திரும்பி வர வேண்டும். விழப்போவது, ஓட்டத் தெரிந்த அந்த ஒருவராகவும் இருக்கலாம். எனக்கு முதல் நாள் கேனை நிறுத்திப் பிடிக்க நாலு சுற்று ஆனது. மூன்று தடவை அதன் மேலேயே ஏறிப் போனேன்.

ஊருக்கு வந்தபோது இதைத் தாத்தாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, “கேன சரி, தூக்கிட்ட. ஆள எப்பிடித் தூக்குவ?” என்றார். மறுநாள் காலை அமைதியான தண்ணீரில் மச்சானை மிதவைச் சட்டையோடு இறக்கி, நானும் இன்னொருவனுமாக ஓரத்திலிருந்து இழுத்துப் பார்த்தோம். இருபது நிமிடம் ஆகியும் அவன் இடுப்புக்குமேல் வரவில்லை, கை இரண்டும் கன்றிப்போயின. அன்று சாயங்காலமே தூத்துக்குடிக்குப் போய்க் கப்பியும் கயிறும் வாங்கி வந்தோம். இப்போது அது ஒரு பையில், சுக்கானுக்குப் பக்கத்தில், யார் கைநீட்டினாலும் எட்டும் இடத்தில் தொங்குகிறது.